சுவருக்கு இந்தப் பக்கம் ஒரு ஃபுல் ஃப்ரேம்

ஜனவரி 8

அன்புள்ள எலிக்கு,

அப்பா எழுதுவது. போனில் கேமராவைப் பற்றிப் பேசும் உரிமை நம் இருவரிடமிருந்தும் பறிக்கப்பட்டுவிட்டது. ஞாயிற்றுக்கிழமை நீ அந்தப் பக்கம் கத்த, நான் இந்தப் பக்கம் கத்த, உன் அம்மா வந்து போனைப் பிடுங்கி அணைத்தாளே, அதற்கப்புறம் போட்ட சட்டம் இது: "உடம்பு சரியா இருக்கா, சாப்பிட்டியா, தூங்கினியா, இதுக்கு மட்டும்தான் போன். கேமரான்னா ரெண்டு பேரும் எழுதித் தொலைங்க. எழுதி, மடிச்சு, ஸ்டாம்ப் ஒட்டுறதுக்குள்ள பாதிக் கோபம் இறங்கிடும்." மீதிப் பாதியை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

நீ என்ன சொன்னாய்? "போன்லயே எடுங்கப்பா, இப்பல்லாம் போன்லயே நல்லா விழுது." இருபத்தெட்டு வருஷமாக பஸ் டிப்போவில் என்ஜினுக்கு அடியில் கிடக்கிற மெக்கானிக்கிடம், ஸ்பேனர் எதுக்கு, கையாலேயே திருகுங்கள் என்று சொன்ன மாதிரி இருந்தது.

நீ பட்டம் வாங்கிய நாளை மறந்துவிட்டாயா? நான் மறக்கவில்லை. அரங்கத்தில் மங்கல் வெளிச்சம். என் சின்னக் கேமராவில் எண்பத்து நாலு படம் எடுத்தேன். எண்பத்து மூன்றில் உன் முகத்தில் மணல் தூவினாற்போல் புள்ளி. ஒன்றே ஒன்று தெளிவாக விழுந்தது. அதில் இருப்பவர் உனக்குப் பின்னால் மைக் பிடித்து நின்றவர். அவர் சட்டைப் பொத்தானில் தொங்கும் நூல்கூடத் தெரிகிறது. உன் அம்மா ஆல்பத்தைத் திறக்கும்போதெல்லாம், "இவரு நமக்கு என்ன உறவுங்க?" என்று கேட்கிறாள்.

இப்போது நீ, வீட்டில் வைத்த செல்லப் பெயருக்கேற்ப, மெட்ரோ ரயிலுக்குச் சுரங்கம் தோண்டும் மெஷினை ஓட்டுகிறாய். ஏப்ரலில் அது சுவரை உடைத்துக்கொண்டு நிலையத்துக்குள் வரும், வேலை செய்கிறவர்களின் வீட்டார் இரண்டு பேரை உள்ளே விடுவார்கள், ஃபிளாஷ் மட்டும் கூடாது என்று நீதான் சொன்னாய். மண்ணுக்கு இருபது மீட்டர் கீழே, தூசிக்கு நடுவே. இந்தத் தடவையும் மைக்காரரோடு வீட்டுக்கு வர முடியாது, எலி. அதனால்தான் ஃபுல் ஃப்ரேம். உள்ளே இருக்கும் சென்சார் பழைய ஃபிலிம் துண்டு அளவுக்குப் பெரிசு. ஜன்னல் பெரிசானால் வெளிச்சம் அதிகம் வரும். இதைப் புரிந்துகொள்ள எனக்கு ஒரு மாதமும் நாலு மூக்குக்கண்ணாடித் தலைவலியும் ஆயின.

அம்மாவின் வரம்பு: "ஒரு மாசச் சம்பளம். அதுக்கு மேல ஒத்தைப் பைசா போனா அந்தக் கேமராவோடயே குடித்தனம் பண்ணிக்குங்க." புதுசு என்றால் உடம்பு மட்டும்தான் வரும், லென்ஸ் வாங்க அடுத்த பிறவி எடுக்க வேண்டும். ஆகவே பழசு. இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன். ஒன்று பல் டாக்டருடையது, எட்டு வருஷத்தில் நாலாயிரம் படம்தான் எடுத்தாராம். இன்னொன்று ஓய்வுபெற்ற பத்திரிகைப் படக்காரருடையது, ஒரு லட்சத்து எண்பதாயிரம். எது? படித்த பிள்ளை, சொல்லு.

அப்பா


ஜனவரி 17

அன்புள்ள அப்பா,

மீதிப் பாதிக் கோபம் வந்து சேர்ந்தது. உறையில் கிரீஸ் விரல் ரேகை இருந்ததால் உங்களுடையதுதான் என்று உறுதி செய்துகொண்டேன்.

போனில் கத்தியது தப்புதான். பன்னிரண்டு மணி நேரம் மெஷினில் உட்கார்ந்துவிட்டு மேலே வரும்போது யார் எது சொன்னாலும் எனக்குச் சண்டை மாதிரியே கேட்கிறது.

பல் டாக்டருடையதை எடுங்கள். இதில் யோசிக்க என்ன இருக்கிறது? கேமராவுக்குள் படத்துக்குப் படம் திறந்து மூடுகிற ஷட்டருக்கு ஆயுள் உண்டு. ஒன்றரை லட்சம், இரண்டு லட்சம் தடவை என்று போட்டிருக்கிறார்கள். நாலாயிரம் எங்கே, ஒரு லட்சத்து எண்பதாயிரம் எங்கே? மெகாபிக்சல் எத்தனை, வீடியோ வருமா என்பதையெல்லாம் பார்க்காதீர்கள். பத்து வருஷத்துக்கு முந்தைய மாடல் போதும். மிச்சப் பணத்தை லென்ஸில் போடுங்கள்.

இங்கே எங்கள் ஆட்கள் சுவரை உடைத்து வெளியே வருவதை 'வெளிச்சம் பார்ப்பது' என்பார்கள். "உன் மெஷின் எப்ப வெளிச்சம் பாக்குது?" என்று கேண்டீனில் கேட்பார்கள். எனக்கு இது மூன்றாவது. முதல் இரண்டு தடவையும் கம்பெனி எடுத்த படங்களை அனுப்பினேனே, நினைவிருக்கிறதா? மெஷினுக்கு முன்னால் வெள்ளை ஹெல்மெட் போட்டு வரிசையாக நிற்கும் பெரியவர்கள். "இதுல நீ எங்கம்மா?" என்று கேட்டீர்கள். நான் இல்லை என்றேன். "லீவா?" என்றீர்கள்.

அதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். இப்போது ஷிஃப்டுக்கு நேரமாகிறது. அப்புறம் எழுதுகிறேன்.

எலி


ஜனவரி 30

அன்புள்ள எலிக்கு,

படித்த பிள்ளையின் பேச்சைக் கேட்டு முதலில் பல் டாக்டரிடம் போனேன். வாயைத் திறக்கச் சொல்லாமல் அலமாரியைத் திறந்தார். தோல் பை, பட்டுத் துணி, அதற்குள் கேமரா. "குழந்தை மாதிரி வெச்சிருக்கேன் சார்" என்றார்.

"குழந்தைய அலமாரில பூட்டியா வெப்பாங்க டாக்டர்?" என்றேன். அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

கையில் எடுத்தேன். பிடியில் இருந்த ரப்பர் வெல்லப்பாகு மாதிரி உள்ளங்கையில் ஒட்டியது. டார்ச்சை லென்ஸுக்குள் அடித்துப் பார்த்தேன். நூலாம்படை போலப் பூஞ்சை. பொத்தானை அழுத்தினேன், சத்தமே இல்லை. இன்னொரு தடவை அழுத்தியதும் முனகிக்கொண்டே 'ட்ட்டப்' என்றது. எலி, இதைத்தான் நான் உனக்குப் போனில் சொல்ல வந்தேன். ஷெட்டில் எட்டு வருஷம் நின்ற வண்டியை விடத் தினமும் ரூட்டில் ஓடிய வண்டி மேல். கிலோமீட்டரைப் பார்த்து வண்டி வாங்குபவன் பயணி. சத்தத்தைக் கேட்டு வாங்குபவன் மெக்கானிக்.

படக்காரர் ஒரு சலவைக் கடைக்கு மேல்மாடியில் இருக்கிறார். அவர் கேமராவில் கறுப்பு பெயின்ட் போய் மூலையெல்லாம் பித்தளை தெரிகிறது. அடியில் இருக்கும் திருகுகளைப் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தேன். கண்டவன் திறந்திருந்தால் திருகுத் தலையில் கீறல் இருக்கும். சுத்தமாக இருந்தது. ஷட்டரை ஒன்றரை லட்சத்தில் கம்பெனியிலேயே மாற்றிய ரசீதும் காட்டினார். அதாவது என்ஜின் மாற்றிய வண்டி! வெள்ளைச் சுவரைப் படமெடுத்துப் பார்த்தேன், சென்சாரில் தூசி இல்லை. நூறு படம் மளமளவென்று அடித்தேன். நூறும் ஒரே சத்தம்.

"ஏன் விக்கிறீங்க?"

"தோள்பட்டை தம்பி. கேமரா நல்லாத்தான் இருக்கு. நான்தான் தேஞ்சுட்டேன். நீங்க என்ன எடுக்கப் போறீங்க?"

"சுவருங்க."

"சுவரா?"

"அதுக்குள்ளேர்ந்து என் பொண்ணு வருவா."

அவர் ஒரு நிமிஷம் என்னை மேலும் கீழும் பார்த்துவிட்டு, இரண்டாவது பேட்டரி ஒன்றும் எடுத்து வைத்தார்.

உடம்பை மட்டும்தான் வாங்கினேன். லென்ஸ்தான் வீட்டில் இருக்கிறதே என்ற மிதப்பு. வீட்டுக்கு வந்து என் சின்னக் கேமரா லென்ஸை மாட்டி உன் அம்மாவை ஒரு படம் எடுத்தேன். நடுவில் அம்மா, நாலு மூலையும் கன்னங்கரேல். கதவு ஓட்டை வழியாகப் பார்த்த மாதிரி. "ஏமாத்திட்டான் கிழவன்!" என்று சட்டைகூட மாற்றாமல் பஸ் ஏறிப் போய்ச் சண்டை பிடித்தேன். படக்காரர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "ஏன் தம்பி, சின்னப் பையன் சட்டையப் பெரியாளுக்குப் போட்டுட்டு, ஆளு சரியில்லன்னு சண்டைக்கு வரீங்களே!" சின்னச் சென்சாருக்குச் செய்த லென்ஸ் பெரிய சென்சாரை முழுக்க மூடாதாம். என் சின்னக் கேமராவையும் லென்ஸ்களையும் எடுத்துக்கொண்டு, அவருடைய ஐம்பது மில்லிமீட்டர் லென்ஸைக் கொடுத்தார். பெரிதாகத் திறக்கும், இருட்டுக்கு நல்லது, ஜூம் கிடையாது. ஜூம் வேண்டுமென்றால் நடக்க வேண்டும். நடப்பதற்கு அம்மா பணம் கேட்பதில்லை.

வரம்புக்குள் முடித்துவிட்டேன் என்று உன் அம்மாவிடம் சொன்னேன். "அப்ப மைக்காரருக்கு டாட்டா சொல்லியாச்சா?" என்றாள். இந்த வீட்டில் இதற்குப் பெயர்தான் பாராட்டு.

நீ சுவரிலிருந்து வரும்போது முகத்தில் எவ்வளவு தூசி இருக்கும்? அதற்கேற்ப வெளிச்சக் கணக்குப் போட வேண்டும்.

பெருமையுடன்,
அப்பா


பிப்ரவரி 9

அன்புள்ள அப்பா,

உங்கள் கடிதத்தைக் கேண்டீனில் சத்தமாகப் படித்தேன். பல் டாக்டர் கட்டத்தில் வெல்டர் அண்ணனுக்குப் புரை ஏறிவிட்டது. ஷட்டர் விஷயத்தில் நான் தோற்றேன், நீங்கள் ஜெயித்தீர்கள். எழுதியே கொடுத்துவிட்டேன், அம்மாவிடம் காட்டிக்கொள்ளுங்கள்.

கடைசி வரிக்குத்தான் பதில் எழுதத் தெரியவில்லை. மூன்று தடவை கிழித்துப் போட்டேன்.

அப்பா, சுவர் உடையும்போது நான் வெளியே வர மாட்டேன்.

மெஷினின் முன்னால் இருப்பது வெட்டுகிற சக்கரம். ஒரு வீட்டு உயரம். ஓட்டுகிற அறை அதற்கு இருபது மீட்டர் பின்னால், குழாய்க்குள் இருக்கிறது. எனக்கு ஜன்னல் கிடையாது. திரைகள்தான். நான் பார்ப்பது அழுத்தம், வேகம், சாய்வு, எல்லாம் எண்கள். சுவரைத் தாண்டி வருவது சக்கரம்தான். அதற்குப் பிறகும் மெஷினை முழுசாக நிறுத்திச் சோதித்து முடிக்க ஒரு மணி நேரம் ஆகும். நான் வெளியே தலையைக் காட்டும்போது பெரியவர்கள் படமெடுத்துக்கொண்டு மேலே போய்விட்டிருப்பார்கள். பார்க்க வந்த வீட்டாரையும் பாதுகாப்பு கருதி அதற்குள் மேலே அனுப்பிவிடுவார்கள். அந்தப் படங்களில் நான் ஏன் இல்லை என்பதற்குப் பதில் இதுதான். லீவு இல்லை.

நீங்கள் வாங்குவதற்கு முன்னாலேயே சொல்லியிருக்க வேண்டும். போனில் 'போன்லயே எடுங்க' என்று கத்தினேனே, அது இதை மறைக்கத்தான். நீங்கள் வருகிறேன் என்றதில் எனக்கு ஆசை வந்துவிட்டது. அதனால் சொல்லவில்லை.

எலி


பிப்ரவரி 14

எலி,

கடிதம் வந்தது.

இரும்புச் சக்கரத்தைப் படமெடுக்க நான் எட்டு மணி நேரம் ரயிலில் வர வேண்டுமா? டிப்போவில் சக்கரம் நிறைய இருக்கிறது. டயர்க்காரரைக் கேட்டால் உருட்டிக்கொண்டே வந்து காட்டுவார்.

ஊரெல்லாம் சொல்லிவிட்டேன். டிப்போ மேனேஜரிடம் ஏப்ரல் லீவு எழுதிக் கொடுத்தாயிற்று. காரணம் என்ற இடத்தில் 'மகளைப் படம் எடுக்க' என்று எழுதியிருக்கிறேன். இப்போது 'சக்கரத்தை' என்று திருத்தச் சொல்கிறாயா?

உன் அம்மா சொல்கிறாள், கோபத்தில் எழுதியதை அனுப்பாதீர்கள் என்று. ஸ்டாம்ப் ஒட்டியாகிவிட்டது.

அப்பா


பிப்ரவரி 24

அன்புள்ள அப்பா,

கோபப்படுங்கள். கிழித்துப் போடாமல் இதை மட்டும் படித்துவிடுங்கள்.

நான் இரண்டு சுவர்களை உடைத்திருக்கிறேன். ஒன்றைக்கூடப் பார்த்ததில்லை.

மூன்றாம் வருஷமாக இந்த மெஷினை ஓட்டுகிறேன். ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு மீட்டர். தோண்டத் தோண்டப் பின்னால் காங்க்ரீட் வளையம் பொருத்திக்கொண்டே போவோம். கடைசி நாளில் வேகத்தைக் குறைத்து, நிமிஷத்துக்கு விரல் நகத்தின் கனம் அளவுக்கு நகர்த்துவேன். ரேடியோவில் அந்தப் பக்கம் நிற்பவர் "வருது, வருது" என்பார். திடீரென்று அழுத்தம் விழும். எண் ஒன்று பூஜ்யத்தை நோக்கி இறங்கும். ரேடியோவில் கூச்சல் கேட்கும். அவ்வளவுதான், என் வெளிச்சம் பார்ப்பது.

கம்பெனிப் படக்காரர் பெரியவர்களோடுதான் வருவார். அவர் வரும்போது சக்கரம் முழுசாக வெளியே நின்று, தண்ணீர் அடித்துக் கழுவியிருப்பார்கள். அதற்கு முந்தின அந்தப் பத்து நிமிஷத்தை, சுவர் சுவராக இருந்து இல்லாமல் போகிற அந்த நேரத்தை, யாரும் தெளிவாக எடுத்ததில்லை. போனில் எடுத்தவர்களின் படமெல்லாம் சாம்பல் கலங்கல்தான். நீங்கள் சொன்ன மணல் தூவல்.

என் வேலை எப்படி முடிகிறது என்று எனக்குத் தெரியாது அப்பா. நீங்கள் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொல்ல வேண்டும். என்னை எடுக்க வேண்டாம். நான் பார்க்காததை எடுங்கள்.

எலி


மார்ச் 12

அன்புள்ள எலிக்கு,

லீவு விண்ணப்பத்தைத் திருத்தப் போவதில்லை. 'மகளைப் படம் எடுக்க' என்பது அப்படியே இருக்கட்டும். மேனேஜர் கேட்டால் விளக்கிக்கொள்கிறேன்.

உன் கடிதத்தை வாசித்த அன்று கேமராவை எடுத்துத் துடைத்துக்கொண்டிருந்தேன், அம்மா வந்தாள். "போறீங்கதானே?" என்றாள். "போகாம?" என்றேன். "அதான பாத்தேன்" என்றாள். முடிந்தது குடும்ப மாநாடு.

பயிற்சி தொடங்கிவிட்டேன். பஸ்ஸுக்கு அடியில் நின்று வேலை செய்யும் குழி இருக்கிறதே, அதைவிட உன் சுரங்கத்துக்குப் பொருத்தமான இடம் எனக்கு எங்கே கிடைக்கும்? ஒரே பல்பு, கிரீஸ், தூசி. சாப்பாட்டு இடைவேளையில் இறங்கிவிடுகிறேன். முதல் வாரம் எல்லாம் ஆடிய படம். ஒளியுணர்வு எண்ணை ஆறாயிரத்து நானூறுக்கு ஏற்றினேன். சின்னக் கேமராவில் அந்த எண்ணில் மனிதன் யார், பஸ் யார் என்றே தெரியாது. இதில் டயர்க்காரரின் மூக்கு முடி எண்ணலாம். எண்ணினோம்.

இருட்டில் ஃபோகஸை அதுவாகக் குறிபார்க்கச் சொன்னால் கேமரா முன்னேயும் பின்னேயும் அலைகிறது. அதனால் ஒரு நட்டின் மேல் டார்ச் அடித்து, குறியைப் பிடித்து, கையாலேயே பூட்டிவிடுகிறேன். புத்தகத்தில் இருக்கிறதோ என்னவோ, எனக்கு நட்டு சொல்லிக்கொடுத்தது.

பன்னிரண்டு படங்களைப் பெரிதாக அச்செடுத்துச் சாப்பாட்டு அறையில் ஒட்டினார்கள். குழியிலிருந்து அண்ணாந்து பார்க்கிற வெல்டர், கியர் பாக்ஸைக் குழந்தை மாதிரி ஏந்தி நிற்கிற எலெக்ட்ரீஷியன். இருபது வருஷமாக ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துத் திட்டிக்கொண்டவர்கள், அந்தப் படங்களில் ஒருத்தரை ஒருத்தர் உற்றுப் பார்த்தார்கள். டயர்க்காரர் மட்டும், "என் மனைவி இதப் பாத்தா எனக்கு வீட்ல மரியாதை வந்துடும், ஒரு பிரிண்ட் குடுய்யா" என்றார். எட்டாம் வகுப்பில் ஓவியத்தில் பெயிலானவன் நான் என்று யாரிடமும் சொல்லவில்லை. உன்னிடமும் சொல்லவில்லை, இப்போதுதான் சொல்கிறேன்.

கேள்விகள்: சுவர் முதலில் எங்கே விரியும்? நடுவிலா, ஓரத்திலா? தூசி எந்தப் பக்கம் அடிக்கும்? நான் நிற்கும் தரை அதிருமா? அதிருமென்றால் ஷட்டர் வேகத்தை ஏற்ற வேண்டும். மெக்கானிக்குக்குப் பதில் சொல்கிற மாதிரி சொல்லு, அப்பாவுக்குச் சொல்கிற மாதிரி வேண்டாம்.

அப்பா


ஏப்ரல் 2

மெக்கானிக்குக்கு,

நாள்: ஏப்ரல் 19, காலை பத்து மணிக்குமேல். வடக்கு வாசலில் உங்கள் பெயரும் அம்மா பெயரும் இருக்கும். மூடிய ஷூ.

சுவரைப் பார்த்து நின்றால் இடது பக்கம் ஒரு இரும்புப் படிக்கட்டு. அதன் மூன்றாவது படி. காற்றோட்டக் குழாய் வலது பக்கம் இழுப்பதால் தூசி அங்கே போகும். படியில் அதிர்வு வரும், கைப்பிடியில் சாயாதீர்கள்.

சுவர் நடுவில் விரியாது. கடிகாரத்தில் இரண்டு மணி காட்டுகிற திசையில், உங்களுக்கு வலப்பக்கம் மேலே முதலில் விரிசல் தெரியும். மண் அங்கே கொஞ்சம் இளகியிருப்பதால் சக்கரம் அங்கே முந்தும் என்பது என் கணக்கு. தலைமைப் பொறியாளர் ஒத்துக்கொள்ளவில்லை, நடுவில்தான் என்கிறார். கேண்டீனில் இதற்கு ஒரு டீ பந்தயம்.

இது அப்பாவுக்கு: முதல் இரண்டு தடவை பயமே இல்லை. இந்தத் தடவை இருக்கிறது. அந்தப் பக்கம் நீங்கள் நிற்பீர்கள்.

எலி


ஏப்ரல் 22

அன்புள்ள எலிக்கு,

மொத்தம் முந்நூற்றுப் பன்னிரண்டு படம். அதில் இருநூற்று எழுபது தூசியின் உருவப்படம். மீதியை அச்செடுத்து இதனோடு வைத்திருக்கிறேன். முந்நூற்றுப் பன்னிரண்டில் எத்தனையாவது என்ற எண் பின்னால் பென்சிலில். ஒவ்வொன்றின் ஓரத்திலும் எடுத்த நேரம் நொடிக் கணக்கில் விழும்படி வைத்திருக்கிறேன்.

நீ அனுப்பிய கணக்கை நம்பி, மூன்றாவது படியில் நின்று, குறியை இரண்டு மணித் திசையில் பூட்டிவிட்டேன். என் பக்கத்தில் நின்ற ஒருவர், "சார், எல்லாரும் நடுவுல பாக்குறாங்க, நீங்க என்ன அங்க பாக்குறீங்க?" என்றார். "எனக்கு உள்ளேர்ந்து தகவல்" என்றேன்.

முதலில் ஒன்றுமே இல்லை. வெறும் சாம்பல் சுவர். அப்புறம் உள்ளங்காலில் ஒரு உறுமல், காதுக்கு வரவில்லை, காலுக்குத்தான் வந்தது. லோடு ஏற்றிய பஸ் மேட்டில் ஏறும்போது வருமே, அது. உன் அம்மா என் சட்டையைப் பின்னால் பிடித்துக்கொண்டாள். பிறகு, நீ சொன்ன இடத்தில், சொன்ன இடத்திலேயே எலி, முடி இழை மாதிரி ஒரு கோடு. அதிலிருந்து ஒரு சொட்டுத் தண்ணீர். கோடு இரண்டாகி நாலாகி, சுவர் மூச்சை இழுத்த மாதிரி புடைத்தது. ஒரு சில்லு விழுந்தது, தட்டு அளவு. அந்த ஓட்டைக்குள் ஏதோ மெதுவாகத் திரும்பிப் போயிற்று. இரும்புப் பல். அவசரமே இல்லாமல். அவ்வளவு பெரிய மெஷின் அவ்வளவு பொறுமையாக வரும் என்று நான் நினைக்கவில்லை. அதை ஓட்டுகிறவளின் கைதான் அந்தப் பொறுமை என்று எனக்குத் தெரியும். பக்கத்தில் யாருக்கும் தெரியாது.

அப்புறம் மேல்பாதி முழுசாகச் சரிந்தது. எல்லாரும் கத்தினார்கள். பக்கத்து ஆள் என் தோளை உலுக்கி, "உங்க ஆளு எங்க சார் வேலை? எலெக்ட்ரிக்கலா, வெல்டிங்கா?" என்றார்.

அம்மா எனக்கு முன்னால் சொல்லிவிட்டாள்: "இத ஓட்டுறதே எங்க பொண்ணுதாங்க."

அந்த ஆள் மெஷினைப் பார்த்தார், அம்மாவைப் பார்த்தார், ஹெல்மெட்டைக் கழற்றினார். காவலர் ஓடி வந்து அவரைத் திட்டி மறுபடி மாட்ட வைத்தார்.

நீ சொன்னபடியே அரை மணியில் எங்களை மேலே அனுப்பிவிட்டார்கள். மாலையில் வாசலில் உன்னைப் பத்து நிமிஷம் பார்த்தோம். உன் காதுக்குள்கூட மண். அப்போதும் 'சாப்பிட்டியா' என்றுதான் கேட்டேன். கேட்க நினைத்ததெல்லாம் இந்த உறைக்குள் இருக்கிறது.

அப்பா


மே 4

அன்புள்ள அப்பா,

படங்களைத் தரையில் வரிசையாகப் பரப்பி வைத்து, பக்கத்தில் மெஷினின் பதிவை வைத்துக்கொண்டேன். அது நொடிக்கு நொடி எல்லா எண்ணையும் எழுதி வைக்கும். உங்கள் ஒவ்வொரு படத்தின் நொடியிலும் என் கை என்ன செய்துகொண்டிருந்தது என்று பார்க்க ஆசை.

ஒன்றுமே பொருந்தவில்லை. என் பதிவில் அழுத்தம் விழுந்தது 11:06. உங்கள் படத்தில் சுவர் விழுவது 11:10. தலைமைப் பொறியாளர் பார்த்துவிட்டு, "என்னம்மா, மெஷின் வெளிய வந்து நாலு நிமிஷம் கழிச்சுத்தான் சுவர் ஒடஞ்சுதா?" என்றார். மெஷினின் கடிகாரம் தப்போ என்று இரண்டு பேரைக் கூப்பிட்டுச் சோதிக்கச் சொன்னேன். அவர்கள் கருவியைப் பிரித்தே விட்டார்கள். அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது.

கேமராவில் எந்தக் கடிகாரத்தைப் பார்த்து நேரம் வைத்தீர்கள்? டிப்போ கடிகாரம்தானே? டிரைவர்கள் தாமதிக்கக் கூடாது என்று நாலு நிமிஷம் முன்னால் தள்ளி வைத்திருக்கிற அதே கடிகாரம்! நம் வீட்டுக் கடிகாரம், உங்கள் கைக்கடிகாரம், எல்லாம் அதன் பிள்ளைகள். இருபது வயது வரை நான் உலகத்துக்கு நாலு நிமிஷம் முன்னால் வாழ்ந்திருக்கிறேன். பள்ளிக்கூடத்தில் எப்போதும் நான்தான் முதலில் வருவேன், அது ஒழுக்கம் என்று நினைத்திருந்தேன்.

நாலு நிமிஷத்தைக் கழித்தேன். கச்சிதமாகப் பொருந்தியது.

31-ஆம் படம், முடி இழைக் கோடு: நான் அப்போது வேகத்தைப் பாதியாக்கினேன். ரேடியோவில் இன்னும் யாரும் ஒன்றும் சொல்லவில்லை. என் காலடியில் சத்தம் மாறியது, அதனால் குறைத்தேன். 38, சுவர் புடைத்தது: சக்கரத்தின் சுற்றைக் குறைத்தேன். 47, ஓட்டைக்குள் ஒற்றை இரும்புப் பல், அதன் மேல் வெளியிலிருந்து விழுகிற வெளிச்சம்: அந்த நொடியில் நான் எதையுமே தொடவில்லை. இரண்டு கையும் மடியில். மெஷின் தானாக வரட்டும் என்று விட்டிருந்தேன். மூன்று வருஷத்தில் நான் பழகியது அந்த ஒன்றைத்தான், எப்போது தொடாமல் இருப்பது என்று. அதை நீங்கள் படமெடுத்திருக்கிறீர்கள்.

அதைப் பார்த்து நான் அழுதேன் என்று அம்மாவிடம் போனில் சொல்லக் கூடாது. கேமரா விஷயம், சட்டப்படி தடை.

டீ பந்தயத்தில் தலைமைப் பொறியாளர் தோற்றார். 31-ஐப் பார்த்தபின் வாதமே இல்லை. 47-ஐ வெகுநேரம் கையில் வைத்துக்கொண்டிருந்தார். புதிய நிலையத்தின் நுழைவுச் சுவரில், ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கி மாட்டப் போகிறார்களாம். தினமும் ரயில் ஏற வருகிறவர்கள் எல்லாரும் பார்ப்பார்கள். அவ்வளவு பெரிதாக்கினால் தாங்குமா என்று சோதித்தார்கள், தாங்குகிறது. படக்காரரின் தோள்பட்டைக்கு என் வணக்கத்தைச் சொல்லுங்கள்.

படத்துக்குக் கீழே எடுத்தவர் பெயர் போட வேண்டுமாம். உங்கள் பெயரை முழுசாக, எப்படிப் போட வேண்டும் என்று எழுதி அனுப்புங்கள். பித்தளைத் தகட்டில் வெட்டுவார்கள், அப்புறம் திருத்த முடியாது.

எலி


மே 10

அன்புள்ள எலிக்கு,

டிப்போ கடிகாரத்தைக் குறை சொல்லாதே. அது இல்லாவிட்டால் இந்த ஊரில் ஒரு பஸ்ஸும் நேரத்துக்குப் போகாது. கேமராவை மட்டும் திருத்திவிட்டேன்.

தகட்டு விஷயத்தை அம்மாவிடம் சொன்னேன். உடனே என் பெயரை இனிஷியலோடு ஒரு தாளில் அழகாக எழுதிக் கொடுத்தாள். டயர்க்காரர், பெயருக்குப் பக்கத்தில் 'சீனியர் மெக்கானிக்' என்று போடச் சொன்னார். ஆசையாகத்தான் இருந்தது, பொய் சொல்ல மாட்டேன். பித்தளையில் என் பெயர்! இரண்டு நாள் அந்தத் தாளைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன்.

பிறகு யோசித்துப் பார்த்தேன். தினமும் அத்தனை பேர் அந்த வாசலில் நுழைவார்கள். தகட்டில் என் பெயரைப் படிப்பார்கள். யாரோ எடுத்திருக்கிறார் என்று ரயில் ஏறிப் போய்விடுவார்கள். மெஷின் என்னவோ தானாக வந்த மாதிரி இருக்கும்.

ஆகவே தாளைக் கிழித்துப் போட்டுவிட்டேன். அம்மா பார்த்துவிட்டுப் பசைக் குப்பியை எடுத்துக் கொடுத்தாள், உறையை ஒட்ட. தகடு வெட்டுகிறவரிடம் நீயே நேரில் போய்ச் சொல்லு. கூச்சப்பட்டுக்கொண்டு மாற்றிச் சொன்னாயானால் ரயில் ஏறி வந்து நானே சொல்வேன். எழுத்து கொஞ்சம் பெரிதாக இருக்கட்டும். வேறு ஒரு வார்த்தையும் வேண்டாம். இவ்வளவுதான்:

படம்: மெஷினை ஓட்டியவளின் அப்பா.